ஊரின் அளவை எழுதிவைக்காதீர்கள்: கடலூர், புதுச்சேரி முழுமைத் திட்டம் வரைவோருக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி, நெய்வேலி ஊர்களுக்குத் திட்டம் வரையும் நகர் ஊரமைப்பு அலுவலர்களுக்கும், அதற்கு ஒப்புதல் தரப்போகும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நகர முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) எதைப் புரட்டினாலும் தொடக்கப் பக்கங்களிலேயே ஓர் அட்டவணை வந்துவிடும்: உத்தேச மக்கள்தொகை. குடிநீர்த் தொட்டியின் கொள்ளளவு, பாதாளச் சாக்கடைக் குழாயின் விட்டம், பேருந்து நிலையத்தின் பரப்பு, எவ்வளவு நஞ்சையை மனையாக்க விடலாம் என்ற முடிவு எல்லாம் அந்த அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்குகின்றன. அந்த எண் எங்கே தவறுகிறது, ஊரின் அளவை மேலிருந்து நிர்ணயிக்கப் பார்த்த நாடுகளுக்கு என்ன ஆனது, நம் பகுதியில் அதே சங்கதி எப்படி நடந்திருக்கிறது என்பதைச் சொல்லவே இந்த மடல்.

கடலூரிலிருந்தே தொடங்குவோம். 2001 கணக்கெடுப்பில் அப்போதைய நகராட்சி எல்லைக்குள் சுமார் 1.59 லட்சம் பேர். 2011இல் 1.74 லட்சம். பத்தாண்டில் ஒன்பதரை விழுக்காடு வளர்ச்சி. கூட்டல் முறையில் 2041க்குப் போனால் ஏறக்குறைய 2.19 லட்சம் வரும், பெருக்கல் முறையில் 2.28 லட்சம். கூடுதலின் கூடுதலைச் சேர்க்கும் மூன்றாவது முறையையும் போட்டு, மூன்றுக்கும் சராசரி எடுத்து அட்டவணையை மூடிவிடுவது வழக்கம். மூன்றும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றன. எல்லைக்கோட்டுக்குள் படுத்துறங்குகிறவர்களை மட்டும் எண்ணுகின்றன. கோண்டூர், நத்தப்பட்டு, பாதிரிக்குப்பம் ஊராட்சிகளில் எழுந்த வீடுகள் அந்தக் கணக்கில் கிராமம். அங்கிருந்து காலையில் நகருக்குள் இருக்கும் மஞ்சக்குப்பத்துக்கு வேலைக்கு வருகிறவர் நகரவாசி இல்லை. மூன்று தவறான எண்களின் சராசரி சரியான எண்ணாகிவிடாது.

இனி ஊர்களின் வரிசைக்கு வருவோம். ஒரு நாட்டின் ஊர்களைப் பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்கினால், இரண்டாவது ஊர் முதல் ஊரில் பாதியாகவும், மூன்றாவது மூன்றில் ஒரு பங்காகவும், பத்தாவது பத்தில் ஒரு பங்காகவும் இருக்கும் போக்கை 1913இல் ஜெர்மானியரான அவுவர்பாக் கவனித்தார். 1949இல் அமெரிக்க மொழியியலாளர் ஜிப்ஃப் அதைப் பரவலாக்கினார். விதி என்று பெயர் பெற்றாலும் இது இரும்பு விதி இல்லை. உடல் சூட்டை 98.4 என்று சொல்வதுபோல ஓர் அளவுகோல். விலகினால் காரணத்தைத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி சென்னைத் தொகுப்பில் (நகரும் அதை ஒட்டி வளர்ந்த ஊர்களும் சேர்ந்தது) 86.5 லட்சம் பேர். விதிப்படி கோவை 43 லட்சமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் 21 லட்சம்தான். மதுரைக்கு 29 லட்சம் வரவேண்டிய இடத்தில் பதினான்கரை லட்சம். திருச்சிக்கு 21.6 வரவேண்டும், இருப்பது 10 லட்சம். அடுத்தடுத்த மூன்றும் விதி சொல்வதில் ஏறக்குறையப் பாதி. தலை மட்டும் பெருத்த அமைப்பு இது.

இப்போது கடலூர் மாவட்டத்தை மட்டும் தனியாக வெட்டி எடுங்கள். கடலூர் 1.74 லட்சம், நெய்வேலி 1.06, விருத்தாசலம் 0.74, சிதம்பரம் 0.62, பண்ருட்டி 0.60. விதி சொல்வது 0.87, 0.58, 0.43, 0.35. இங்கே எல்லாம் தலைகீழ்: தலை சிறுத்து, வால் பருத்திருக்கிறது. இதைப் பார்த்ததும், 'மாவட்டத் தலைநகர் வளரவில்லை, அதற்கு ஒரு பெரிய தொழிற்சாலை கொண்டுவர வேண்டும்' என்று எழுதத் தோன்றும். எழுதியும் இருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அதே தாளில் புதுச்சேரித் தொகுப்பைச் சேருங்கள், சுமார் 6.57 லட்சம். உடனே கடலூர் இரண்டாம் ஊர் ஆகிறது. விதிப்படி 3.29 லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் 1.74. மூன்றாம் ஊருக்கு 2.19, நெய்வேலியோ 1.06. சென்னையும் கோவையும் நிற்கிற அதே தோரணை. ஊர்கள் மாறவில்லை, மக்கள் இடம்பெயரவில்லை, முள்ளோடையில் இருக்கும் மாநில எல்லையை நாம் அழித்துப் பார்த்தோம், விடை தலைகீழானது. கடலூருக்குத் தலைநகர் இல்லாமலில்லை. சாலை வழியே 22 கிலோமீட்டர் வடக்கே, வேறொரு அரசின் கீழ் இருக்கிறது.

இந்தக் கணக்கை ஒழுங்காகச் செய்ய விரும்பும் அலுவலகத்துக்கு ஒரு எச்சரிக்கையோடு முறையைச் சொல்கிறோம். ஊர்களை இறங்குவரிசையில் அடுக்கி, வரிசை எண்ணிலிருந்து அரையைக் கழியுங்கள். கழித்ததன் மடக்கையை (லாக்) நிலைக்குத்து அச்சிலும், மக்கள்தொகையின் மடக்கையைக் கிடை அச்சிலும் வைத்துக் கோடு பொருத்துங்கள். அரையைக் கழிப்பது சின்ன எண்ணிக்கையில் வரும் சாய்வுப் பிழையைத் திருத்த, 2011இல் பொருளியலாளர்கள் கபேயும் இப்ராகிமோவும் நிறுவிய திருத்தம் அது. கழித்தல் குறியை விட்டுவிட்டுப் பார்த்து, சாய்வு ஒன்றுக்கு அருகில் வந்தால் விதி பொருந்துகிறது. ஒன்றைவிட அதிகமானால் ஊர்கள் சம அளவை நோக்கிப் போகின்றன, குறைந்தால் பெரிய ஊர்கள் மேலோங்குகின்றன. இதில் வழுக்கும் இடம் பிழைவரம்பு. கணினி தானாகக் காட்டும் பிழைவரம்பு மிகச் சிறியதாக இருக்கும், அதை நம்பக் கூடாது. சாய்வை, இரண்டை ஊர்களின் எண்ணிக்கையால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள், அதுதான் சரியான பிழைவரம்பு. ஐம்பது ஊர் இருந்தால் பிழை சாய்வில் 20 விழுக்காடு. ஐந்தே ஊர் என்றால் 63 விழுக்காடு. அதாவது மேலே நாங்கள் காட்டிய மாவட்டக் கணக்கு சாய்வு போடத் தகாதது, ஊர் ஊராகப் பார்க்க மட்டுமே உதவும். ஐந்து புள்ளியில் கோடு இழுத்துக் கொள்கை எழுதிய அறிக்கை மேசைக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, ஊர் என்று எதை எண்ணுவது? 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளரில் முக்கால் பங்கு விவசாயம் அல்லாத வேலை: இம்மூன்றும் இருந்தால், ஊராட்சி ஆள்கிற இடமும் கணக்கெடுப்பு நகரம். இப்படிப்பட்டவை நாட்டில் 2001இல் 1,362. 2011இல் 3,894. பத்தே ஆண்டில் வரிசையின் வால் இப்படி நீண்டால் சாய்வும் மாறும். ஆகவே இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிடும்போது அடியில் ஒரே வெட்டு அளவு வையுங்கள், 20,000 என்றோ 50,000 என்றோ.

அந்த விதி ஏன் தானாக அமைகிறது? ஊர் பெரிதோ சிறிதோ, அதன் வளர்ச்சி விகிதம் அளவைச் சார்ந்திராமல் இருந்தால் போதும். ஒரு வருடம் இதற்கு யோகம், மறு வருடம் அதற்கு. ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே ஊர்கள் சரியாமல் இருந்தால், பல பத்தாண்டுகள் கழித்து வரிசை அந்த வடிவத்துக்கு வந்து சேரும். 1931இல் ஜிப்ரா வைத்த அடிப்படையை எடுத்து 1999இல் கபே காட்டியது இதுதான். மத்தியத் திட்டமிடல் கைவைப்பது சரியாக இந்த இடத்தில். 'பெரிய ஊர் வளரக் கூடாது, புதிய ஊர் வளர வேண்டும்' என்று உத்தரவு போட்ட கணமே வளர்ச்சி விகிதம் அளவைச் சார்ந்ததாகிவிடுகிறது. பெரிய ஊர்கள் இருக்கும் முனையில் கோடு வளைகிறது.

சோவியத் நாட்டில் வளைந்ததைப் போல எங்கும் வளையவில்லை. 1931இல் மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் புதிய ஆலைகள் கூடாதென்று கட்சி முடிவெடுத்தது. 1932 டிசம்பரில் உள்நாட்டுப் பாஸ்போர்ட்டும் குடியிருப்புப் பதிவும் வந்தன. 1935 பொதுத் திட்டம் மாஸ்கோவுக்கு 50 லட்சம் என உச்சவரம்பு எழுதியது. 1989 கணக்கெடுப்பில் மாஸ்கோ ஏறக்குறைய 90 லட்சம். ஏன் நிற்கவில்லை? உச்சவரம்பை எழுதியவர்கள் ஒரு பக்கம், ஆலைகளை நடத்திய அமைச்சகங்கள் இன்னொரு பக்கம். அமைச்சகத்துக்கு உற்பத்தி இலக்குதான் உயிர். தேர்ந்த கை, ரயில் சந்திப்பு, பக்கத்திலேயே உதிரிபாக ஆலை எல்லாம் இருந்தது பெரிய ஊரில். இலக்கு தவறினால் நாற்காலி போகும், ஊர் வரம்பு மீறினால் ஒரு கடிதம் வரும். எதை மீறுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஒதுக்கீட்டின் பேரில் வெளியூர்த் தொழிலாளர்களை விடுதியில் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினார்கள். 'லிமிட்சிக்' என்ற பெயரே அவர்களுக்கு அந்த ஒதுக்கீட்டு வரம்பிலிருந்து வந்தது.

அப்படியானால் தடை பலிக்கவே இல்லையா? பலித்தது, எதிர்பாராத இடத்தில். 1959இல் அந்நாட்டில் பத்து லட்சத்தைத் தாண்டிய ஊர்கள் மூன்று, 1989இல் இருபதுக்கும் மேல். மாஸ்கோவின் 90 லட்சத்தை வைத்து விதியைப் போட்டால் இருபதாவது ஊர் நாலரை லட்சமாக இருக்க வேண்டும். இருந்ததோ பத்து லட்சத்துக்கு மேல். திருப்பிப் போட்டால், இத்தனை பத்து லட்ச ஊர்களுக்கு மேலே இன்னும் மிகப் பெரிய தலை இருந்திருக்க வேண்டும். உச்சியைத் தட்டிய தட்டில் இரண்டாம் அடுக்கு உப்பியது. அதற்குக் கீழே ஒற்றை ஆலை ஊர்கள். 1929இல் தொடங்கிய மாக்னிதோகோர்ஸ்க் போன்றவை. ரஷ்ய அரசின் பட்டியலிலேயே இவை 300க்கு மேல். ஆலை படுத்தால் ஊர் படுக்கும், ஆனால் வீட்டை விற்று வெளியேற விலை கிடைக்காது.

சீனத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். 1958இல் ஹுகோ என்ற குடியிருப்புப் பதிவு, 1980இல் 'பெரிய நகரைக் கட்டுப்படுத்து, நடுத்தரத்தை வளர், சிறியதை ஊக்கு' என்ற கொள்கை. விளைவு, பல நகரங்கள் உற்பத்திக்கு உகந்த அளவைவிடச் சிறியவை என்று 2006இல் பொருளியலாளர்கள் ஆவும் ஹெண்டர்சனும் கணக்கிட்டார்கள்.

நம் நாட்டில் குடியிருப்புப் பதிவு இருந்ததில்லை. ஆள் எங்கும் போகலாம், ஆலைக்குத்தான் உரிமம் வேண்டும். 1951 தொழில் சட்டம், 1956 தொழில் கொள்கை, பிலாய், ரூர்கேலா, துர்காபூர் உருக்காலைகள். பிறகு 1977 கொள்கை: 1971 கணக்கெடுப்பில் பத்து லட்சத்தைத் தாண்டிய பெருநகரங்களின் எல்லைக்குள்ளும், ஐந்து லட்சத்தைத் தாண்டிய நகர்ப்பகுதிகளிலும் புது ஆலைக்கு உரிமம் கிடையாது. 1991இல் அது தளர்ந்து, மாசுபடுத்தும் தொழில்கள் பத்து லட்ச நகரின் விளிம்பிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்றானது. சிற்றூருக்குப் போகட்டும் என்று நினைத்துச் சொன்ன தூரம் அது. ஆலைகள் சொன்ன தூரத்தில் வந்து நின்றன, அதற்கு மேல் ஓரடி போகவில்லை. சென்னையைச் சுற்றிய வளையம் தடித்தது. சாயங்காலம் ஆலைப் பேருந்துகள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று மறைமலைநகரில் நின்று பார்த்தால் தெரியும்.

உரிம ஆட்சிக்கு இன்னொரு முகமும் உண்டு. உரிமம் தரும் அலுவலகம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு ஆள் வைத்துக்கொள்ளாமல் தொழில் நடத்த முடியாது. கோப்பை நகர்த்த, ஒதுக்கீடு வாங்க, தடையில்லாச் சான்று பெற. ஆணை ஒரு கையால் தலைநகரைக் குறைக்கப் பார்க்க, அலுவலகம் மறு கையால் அதைப் பெருக்கியது. கோவையைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டிய சென்னை நான்கு மடங்காகி நிற்பதில் இதற்கும் பங்குண்டு என்பது எங்கள் கணிப்பு. துறைமுகத்துக்கு அதைவிடப் பெரிய பங்கு என்பதையும் மறைக்கவில்லை.

இப்போது நெய்வேலி. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம், 1957இல் சுரங்கம், 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு. ஊர் முழுவதும் வரைபடத்தில் பிறந்தது. தெருப் பெயரைவிட வட்டத்தின் (பிளாக்) எண்தான் அங்கே முகவரி. பதவிக்கேற்ற வகை வீடு, மரம் நிறைந்த அகலச் சாலை, தட்டுப்பாடில்லாத மின்சாரம். கடலூர்க்காரர்கள் பொறாமைப்படும் ஊர், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அங்கே ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் என்ன ஆகிறது? வீட்டைக் காலி செய்ய வேண்டும். நகரியத்துக்குள் வாங்க மனை கிடையாது. நகரியத்தின் வாயிலான ஆர்ச் கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் வடக்குத்து ஊராட்சியின் இந்திரா நகரிலோ, வடலூரிலோ, மந்தாரக்குப்பம் பக்கத்திலோ வீடு கட்டுகிறார். முப்பது வருடச் சேமிப்பு கேட்டுக்கு வெளியே செங்கல்லாகிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமங்களில் இருந்து வந்துபோகிறார்கள். 2001இல் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டியிருந்த நகரியம் 2011இல் 1.06 லட்சமாகச் சுருங்கியது. 'நெய்வேலி தேய்கிறது' என்று அட்டவணை சொல்லும். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தால் ஊர் வளர்கிறது, சாக்கடை இல்லாமல்.

அதே காலத்தில், அதே சோவியத் உதவியோடு எழுந்த பிலாய் ஏன் பத்து லட்சத் தொகுப்பானது? பக்கத்தில் துர்க் என்ற பழைய மாவட்டத் தலைநகர், விற்கவும் வாங்கவும் நிலம், கேட்டுக்கு வெளியே நகராட்சி. நெய்வேலியின் சுற்றுவட்டத்துக்கு அடியில் பழுப்பு நிலக்கரி, ஆகவே நாளை சுரங்கத்துக்கு வேண்டும் என்ற கண்ணோடுதான் ஒவ்வொரு ஏக்கரும் பார்க்கப்படுகிறது. நிலைக்குமா என்று தெரியாத இடத்தில் யாரும் இரண்டாம் மாடி எடுக்க மாட்டார்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். சம்பளப் பட்டியல் எவ்வளவோ அவ்வளவுதான் ஊர். முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டுவிட்டது.

புதுச்சேரிக்கும் ஆலை போனது. ரோடியர் மில் என்று ஊரார் அழைத்த பழைய பஞ்சாலையும் 2020இல்தான் மூடியது. ஊர் வருந்தியது, ஆனால் காலியாகவில்லை. ஜிப்மர், 1985இல் வந்த பல்கலைக்கழகம், சட்டமன்றம், தலைமைச் செயலகம், சுற்றுலா எனப் பல தூண்களில் நிற்கும் வீடு அது. அந்தத் தூண்களும் தானாக முளைத்தவை இல்லை. அவற்றில் சில 1963இல் ஒன்றியப் பிரதேசமானதால் வந்தவை. வருமான வரிச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் பின்தங்கிய பகுதிகளோடு இதன் பெயரும் இருந்ததால் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளுக்கு ஆலைகள் வந்தன, விற்பனை வரி வித்தியாசம் அவற்றை மேலும் இழுத்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து பெரும்பாலான பொருள்களுக்கு அந்த வித்தியாசத்தைத் துடைத்துவிட்டது. எஞ்சியது முக்கியமாக எரிபொருளும் மதுவும். சலுகையை நம்பி வரும் ஆலை சலுகையோடு போகும் என்பதால் அடுத்த சலுகைக்கு மனு எழுதுவதைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம்.

எங்கள் வேண்டுகோள்களில் பெரியது இதுதான். கடலூர் 2041இல் இத்தனை லட்சம் என்று ஒற்றை எண் எழுதாதீர்கள். மூன்று எண் எழுதுங்கள்: மாநகராட்சி எல்லை, அதோடு ஒட்டிய ஊராட்சிகள், முள்ளோடைக்கு இருபுறமும் சேர்ந்த வேலைச் சந்தை. குழாய்க்கு இரண்டாவது எண், சாலைக்கும் பேருந்துக்கும் மூன்றாவது. மையப் பகுதியில் மாடி உயரத்தையும் மனைப் பிரிவையும் கெடுபிடியாக அடக்கினால் மக்கள் குறைய மாட்டார்கள், எல்லைக்கு வெளியே போய்க் கட்டுவார்கள். புதுச்சேரி நகராட்சியில் சுமார் 2.4 லட்சம், உழவர்கரை நகராட்சியில் 3 லட்சம் என்று அந்தப் பாடம் ஏற்கெனவே நடந்திருக்கிறது. கோட்டக்குப்பம் அதன் அடுத்த அத்தியாயம், அது விழுப்புரம் மாவட்டம்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் போக விழுப்புரத்தைச் சுற்ற வேண்டும், 22 கிலோமீட்டருக்குப் பதில் ஏறக்குறைய 80. கடற்கரை ரயில்பாதை பல வருடங்களாகப் பேச்சில் இருக்கிறது. அது வரும்வரை இரண்டு போக்குவரத்துக் கழகங்களும் ஒரே கால அட்டவணையைப் போடலாம், அதற்குச் செலவும் பெரிதில்லை. இரு அரசும் சேர்ந்து திட்டமிடச் சட்டம் இல்லையே என்றால், டெல்லிக்கு 1985இல் தேசியத் தலைநகர் வட்டாரத் திட்ட வாரியம் சட்டப்படி அமைந்ததைப் பாருங்கள். டெல்லியின் பெருக்கத்தைத் தடுக்க வந்த வாரியத்தின் கண்முன்னே குருகிராமும் நொய்டாவும் வளர்ந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வாரியம் வேண்டாம், இரண்டு அலுவலகத்திலும் ஒரே வரைபடம் இருந்தாலே முக்கால்வாசி வேலை முடியும்.

நெய்வேலி நகரியத்துக்குத் தேர்ந்தெடுத்த நகராட்சி இல்லை. நிறுவனமே குடிமைச் சேவை தரும் தொழில் நகரியங்களுக்கு அரசியல் சட்டத்தின் 243கியூ பிரிவில் விலக்கு இருக்கிறது. விலக்கு தொடரட்டும், ஆனால் வடக்குத்துவுக்கும் வடலூருக்கும் நகரியத்தின் கழிவுநீர்க் கட்டமைப்பை நீட்ட என்ன ஆகும் என்ற மதிப்பீட்டையாவது திட்டத்தில் சேருங்கள். சுரங்கம் நிச்சயமாக வராத நிலம் எது என்று எண்ணோடு அறிவித்தாலே, தயங்கி நிற்கும் வீடுகள் எழும்பத் தொடங்கும்.

கடைசியாக, அடுத்த கணக்கெடுப்பின் குறிப்புத் தேதி 2027 மார்ச் 1. அந்த எண்கள் அட்டவணையாகிக் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். 2011 கணக்கெடுப்பின் பி-28 அட்டவணை வேலைக்குப் போகும் தூரத்தையும் வாகனத்தையும் சொல்லும், ஆனால் எந்த ஊருக்குப் போகிறார் என்று சொல்லாது. அதைச் சொல்வது நடத்துநர் கையில் இருக்கும் டிக்கெட் கருவி. ஏறும் நிறுத்தம், இறங்கும் நிறுத்தம் இரண்டும் அதில் பதிவாகின்றன. கடலூர்–புதுச்சேரி, கடலூர்–வடலூர்–நெய்வேலி, பண்ருட்டி தடங்களுக்கு மட்டும் நான்கு வாரத் தரவு கேட்டு வாங்குங்கள். காலை 6 முதல் 10 வரை தனியாகப் பிரியுங்கள். மகளிருக்கான கட்டணமில்லாச் சீட்டு விற்பனைத் தொகையில் வராது, ஆகவே பணத்தை எண்ணாமல் சீட்டை எண்ணுங்கள். பாஸ் வைத்திருக்கும் மாணவர்களையும் தனியார் பேருந்துகளையும் இந்தத் தரவு விட்டுவிடும். அவற்றுக்கு முள்ளோடையிலும் வடலூர் நான்குமுனைச் சந்திப்பிலும் செவ்வாய், புதன் இரு நாள் ஆள் நிறுத்தித் தலை எண்ணினால் போதும். மாசி மகம், தைப்பூசம், பொங்கல் விழும் வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். தைப்பூசத்தன்று வடலூரில் எண்ணினால் நெய்வேலியைவிடப் பெரிய ஊர் அங்கே நிற்கும்.

இப்படிக்கு,
ஊர்க் கணக்குகளோடு பழகும் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்